கொழும்பில முதல் ஐடி வேலை: கொஞ்சம் கைகுடுங்கோ

கொழும்பு ஐடி கொம்பனிகளில இருக்கிற அண்ணாமார், அக்காமாரிட்ட ஒரு உதவி. யாழ்ப்பாணத்தில படிப்பு முடிச்ச பிள்ளையளின்ர சிவிகளைத் திருத்திக்கொண்டிருக்கிறம். பக்கத்தை ரெண்டாப் பிரிச்சு அடிச்சா, ஆள் பாக்க முதலே சிவியை வாசிக்கிற மென்பொருள் வரிகளைக் குழப்பிப்போடலாம், அதை மாத்தியாச்சு. ரெண்டர் (Render) எண்ட, செய்த வெப் அப்பை இணையத்தில ஏத்தி ஓடவிடுற தளத்தில இலவசமாப் போட்ட புரொஜெக்ட் 15 நிமிசம் ஆரும் திறக்காட்டி நித்திரையாகிடும், திரும்ப எழும்ப ஒரு நிமிசம் மட்டில செல்லும். வெறுந்திரையைப் பாத்துக்கொண்டு ஆர் இருப்பினம்? அதால ரீட்மீயில (புரொஜெக்ட்டை விளக்கிற README ஃபைலில) ஸ்கிரீன்ஷொட்டும் போட்டிருக்கு.

இன்டர்ன், கியூஏ (மென்பொருளைச் சோதிக்கிற வேலை) இடம் உண்மையாக் காலியா இருந்தாச் சொல்லுங்கோ, பழைய விளம்பர லிங்க் வேண்டாம். ரெஃபர் பண்ணேலுமெண்டா இன்னும் நல்லம். வெள்ளவத்தைப் பக்கம் ஆறு மாச அட்வான்ஸ் கேக்காத போர்டிங் தெரிஞ்சாலும் எழுதுங்கோ. முதல் இன்டர்வியூவைச் சூமில வைப்பினமோ எண்டும் கேட்டுச் சொல்லுங்கோ, பஸ் காசாவது மிஞ்சும்.