வீட்லயே கை வச்ச பிறகு எஞ்சின் உதறுதா? அவங்கவங்க அனுபவத்த போடுங்க

தாம்வே ஃபிட்

என் மச்சான் வண்டி ஹோண்டா ஃபிட், பழைய ஜிடி1, 1.3 எஞ்சின். வாசல்லயே நிறுத்தி வச்சு ஸ்பார்க் பிளக் மாத்தி, ஏர் ஃபில்டர் மாத்தி, த்ராட்டில் பாடியையும் (எஞ்சினுக்குள்ள போற காத்த தொறந்து மூடுற வால்வு) கிளீனர் அடிச்சு தொடச்சு பூட்டிட்டான். பொறுமையாத்தான் செஞ்சான், குறை சொல்ல முடியாது. ஆனா ஸ்டார்ட் பண்ணா ஆர்பிஎம் முள்ளு 1000க்கும் 2000க்கும் நடுவுல ஊஞ்சலாடுது, கீழ இறங்குறப்போ ஸ்டியரிங் நடுங்குது, கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சு நின்னா சில நேரம் ஆஃபே ஆயிடுது. உடனே தெருவே வைத்தியரா மாறிடுச்சு. டீக்கடைல ஒருத்தர் பெட்ரோல் கலப்படம்ங்கிறாரு, இன்னொருத்தர் பம்ப் போச்சுங்கிறாரு, அத்தை என்னடான்னா ஷ்வே ஞாவ்பின் ஆலமரத்துக்கு கொண்டுபோயி முன்ன பின்ன ஆட்டி கும்புட்டுட்டு வாங்கடாங்கிறாங்க (இங்க பர்மால புது வண்டிக்கு பெகு ரோட்டுல அந்த நாட் சாமிகிட்ட பூசை போடுவாங்கல்ல, அதான். தள்ளாடுற வண்டிக்கு போட்டா நாட் என்ன பண்ணும் பாவம்).

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், காலைல நல்லா ஓடுச்சா? ஓடுச்சு. டாங்க்ல அதே பெட்ரோல் தானே? ஆமா. அப்போ பெட்ரோலும் இல்ல பம்பும் இல்ல, கை வச்ச இடத்துலயும் அதுக்கு ஒரு சாண் பக்கத்துலயும் தான் பாக்கணும், வேற எங்கயும் போகாதன்னேன்.

ஃபிட் வச்சிருக்கவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இந்த எஞ்சினுக்கு நாலு சிலிண்டர், ஆனா எட்டு பிளக், எட்டு காயில் (பிளக்குக்கு ஸ்பார்க் கரண்டு குடுக்குறது). முன்னால நாலு கண்ணுக்குத் தெரியும். பின்னால நாலுக்கு வைப்பரக் கழட்டி, கண்ணாடிக்குக் கீழ இருக்குற அந்த பிளாஸ்டிக் தட்டையும் கழட்டித்தான் கைய விடணும். அதனாலயே நிறைய பேர் முன்னால நால மட்டும் மாத்திட்டு எல்லாம் மாத்தியாச்சுன்னு காச வாங்கிக்கிறாங்க. மச்சான் எட்டையும் மாத்திட்டான், அது வரைக்கும் சபாஷ்.

எந்த சிலிண்டர் வேலை செய்யலன்னு பாக்க ஒவ்வொரு காயில் கனெக்டரா கழட்டிப் பாப்போம் இல்லையா, அது இதுல சரியா காட்டாது. ஒரு காயிலக் கழட்டுனா கூட அதே சிலிண்டர்ல இன்னொரு பிளக் பத்த வச்சிடும், பெருசா வித்தியாசம் தெரியாது. அதுக்குப் பதிலா இன்ஜெக்டர் (பெட்ரோல் தெளிக்கிறது) கனெக்டர கழட்டணும். எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஒண்ணக் கழட்டி, ஸ்டார்ட் பண்ணி பாத்து, திரும்ப ஆஃப் பண்ணி மாட்டி அடுத்ததுக்குப் போகணும். நாலையும் அப்படிப் பாத்தோம், எதக் கழட்டுனாலும் ஒரே மாதிரி இன்னும் மோசமா ஆடுச்சு. அதாவது நாலு சிலிண்டரும் உழைக்குது, கரண்டு பக்கம் பெரிய பழுதில்ல, காத்து தான்.

அப்புறம் ஏசிய ரேடியோவ எல்லாம் அணைச்சுட்டு காத நீட்டுனா ஸ்ஸ்ஸுன்னு சத்தம். த்ராட்டில் பாடிய எடுக்குறப்போ பிசிவி ஹோஸ (எஞ்சினுக்குள்ள சேர்ற ஆவிய திரும்ப உறிஞ்சுற ரப்பர் குழாய்) ஒதுக்கி வச்சிருக்கான், ரப்பர் காஞ்சு கெட்டியாகிப் போனது, மாட்டுற இடத்துல அடிப்பக்கமா வெடிச்சிருக்கு. மேல பாத்தா புதுசு மாதிரி. விரல வச்சு அமுக்குனதும் முள்ளு அப்படியே கீழ இறங்கி நின்னுச்சு. த்ராட்டில் மூடியிருந்தாலும் வேற வழியா காத்து உள்ள போயிட்டிருந்தா வண்டி கம்ப்யூட்டர் பெட்ரோல கூட்டுது, ஆர்பிஎம் ஏறுது, ஏறிப்போச்சேன்னு வெட்டுது, விழுது, திரும்ப கூட்டுது. அந்த ஆட்டம் அதான். ஹோஸ் மாத்துனோம், முக்காவாசி சரி. மீதி ஒரு சின்ன தடுமாட்டம் மட்டும் இருந்துச்சு, அத கீழ சொல்றேன்.

மோல்மேன் ப்ரோபாக்ஸ்

அண்ணே அந்த ஒரு சாண் கணக்கு சரியான கணக்கு. நம்மது டொயோட்டா ப்ரோபாக்ஸ் 1500. பிளக் குழிக்குள்ள ஆயில் எறங்குதுன்னு டேப்பட் கவர் (எஞ்சின் மேல்மூடி) காஸ்கெட்டும் பிளக் குழி சீலும் தம்பியும் நானும் சேந்து மாத்துனோம். ஓட்டிப் பாத்தா ஐடில்ல (அக்சலரேட்டர் மிதிக்காம எஞ்சின் சும்மா ஓடுறப்போ) லேசா உதறல், மேடு ஏறுறப்போ தொம் தொம்னு இழுவை. செக் எஞ்சின் லைட் எரியவே இல்ல. மலிவான ப்ளூடூத் ஸ்கேனர மாட்டுனா கனெக்டே ஆகல, ஜப்பான் உள்ளூருக்குன்னு செஞ்ச பழைய வண்டிங்கள்ல அது அடிக்கடி நடக்குறதுதான், ஸ்கேனர் கெட்டுப்போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. ஸ்கேனர் மாட்டுற அந்த சாக்கெட்டுல 4ம் நம்பர் பின்னையும் 13ம் நம்பர் பின்னையும் ஒயரால சேத்தா செக் எஞ்சின் லைட்டு கண்ணடிச்சு பழுது கோட் சொல்லும்னு ஒர்க்‌ஷாப் சயா (மேஸ்திரி) காட்டிக் குடுத்தாரு. 16ல மட்டும் தொட்டுடக் கூடாது, அது நேரா பேட்டரி லைவ். நமக்கு கோட் ஒண்ணும் வரல.

சரின்னு காயில் கனெக்டர ஒண்ணொண்ணா கழட்டுனோம் (இதுல சிலிண்டருக்கு ஒரு பிளக் தான், அதனால இந்த முறை ஒத்து வரும்). மூணாவதக் கழட்டுனா ஒரு மாத்தமும் இல்ல. அப்போ மூணு செத்துக் கிடக்கு. காயில் விலையக் கேட்டு தம்பி மூஞ்சி போன போக்க பாக்கணுமே. வாங்காதடா, மூணாவது காயில ரெண்டாவதுக்கு போடு, ரெண்ட மூணுக்கு போடுன்னேன். மாத்திப் போட்டும் மூணு தான் செத்துக் கிடந்துச்சு, காயில் நல்லா இருக்கு. அடுத்து பிளக்க அதே மாதிரி மாத்துனோம், இப்போ ரெண்டு செத்துடுச்சு. பிளக்க வெயில்ல வச்சுப் பாத்தா வெள்ளைப் பீங்கான்ல முடி மாதிரி ஒரு கருப்புக் கோடு. பிளக் ஸ்பேனர் கோணலா நின்னு இறுக்கியிருக்கு, பீங்கான் விரிசல் விட்டு ஸ்பார்க் நுனிக்கு வராம வெளிய வழியாவே பாடிக்கு ஓடிடுது. காயில் காசு மிச்சம், ஒரு பிளக் காசோட முடிஞ்சுது.

தட்டோன் பெரியவர்

நீங்க எல்லாம் கம்ப்யூட்டர் வண்டிக்காரங்க. என்னோடது டிஸ்ட்ரிபியூட்டர் (சுத்திச் சுத்தி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட பிரிச்சுக் குடுக்குறது) வச்ச பழைய கொரொல்லா. மருமகப் பிள்ளை அதோட கேப் மாத்துறேன்னு எல்லா பிளக் ஒயரையும் ஒரேடியா உருவிட்டு மாட்டுனாரு, ஸ்டார்ட் பண்ணா டுப்பு டுப்புன்னு வெடி, தெரு நாய்ங்க எல்லாம் ஓடுது. பத்துற வரிசை 1-3-4-2, அவரு 4யும் 2யும் மாத்தி மாட்டிட்டாரு, ரெண்டு சிலிண்டர் தான் இழுத்துச்சு. ஒயர ஒண்ணக் கழட்டி ஒண்ண மாட்டுங்கப்பா. இல்லாட்டி போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, எங்க காலத்துல அது இல்ல, ஒயர்ல நூல் கட்டி வப்போம்.

பெகு தம்பி

அண்ணே நானும் பேட்டரிய கழட்டிட்டு தான் ஃபிட்ல த்ராட்டில் தொடச்சேன், ஹோஸ் எல்லாம் பாத்துட்டேன், சத்தமும் இல்ல, ஆனாலும் ஐடில் கொஞ்சம் தடுமாறுது. காத்து கசியுதான்னு பாக்க கார்ப் கிளீனர் அடிக்கலாமா?

தாம்வே ஃபிட்

ஓடுற எஞ்சின்ல கார்ப் கிளீனர் வேணாம் தம்பி, சூடான எக்ஸாஸ்ட்ல பட்டா குப்புன்னு புடிச்சுக்கும். பூவுக்கு தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி எடுத்து ஹோஸ் முனைல, காஸ்கெட் ஓரத்துல லேசா அடி, கசிவு இருந்தா அந்த நொடி சத்தம் மாறும். காயில் கனெக்டர் மேல அடிச்சுடாத.

ஆனா உன்னோடது கசிவா இருக்காது போல. இத்தன வருசம் அழுக்குப் படிஞ்ச த்ராட்டிலுக்கு ஏத்த மாதிரி கம்ப்யூட்டர் பழகியிருக்கும், இப்போ நீ சுத்தம் பண்ணிட்ட, பேட்டரியக் கழட்டுனதுல இருந்த கணக்கையும் அழிச்சுட்ட. மச்சான் வண்டில மீதி இருந்த தடுமாட்டமும் இதேதான். ஏசி, லைட்டு, ரேடியோ எல்லாம் ஆஃப் பண்ணு. நியூட்ரல்லயோ பார்க்கிங்லயோ வச்சு ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் 3000 ஆர்பிஎம்ல பிடி. அப்புறம் கால எடுத்துட்டு 5 நிமிஷம் தொடாம விடு, நடுவுல ஃபேன் ஓடுனா அந்த நேரத்த 5 நிமிஷத்துல சேக்காத. அக்சலரேட்டர சும்மா சும்மா மிதிச்சுப் பாக்கக் கூடாது, அது தான் எல்லாரும் பண்றது.

அதுக்கும் அடங்கலன்னா பின்னால நாலு காயிலையும் தொறந்து பாரு, மழைக்காலம் வேற, மேல இருந்து தண்ணி எறங்கி துரு ஏறியிருந்தா ஐடில்ல இப்படித்தான் லேசா காட்டும். பிளக் இறுக்கறப்போ ஸ்பேனர நேரா வை, மோல்மேன்காரர் சொன்னது தான்.