சின்னப் பிள்ளைகளை மனதிலிருந்து ஜெபிக்கப் பழக்குவது எப்படி?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஓய்வுநாள் பள்ளியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அனுபவமுள்ள அக்கா, அண்ணன்மார் கொஞ்சம் உதவுங்கள்.

யாரை ஜெபிக்கச் சொன்னாலும், "அன்பும் இரக்கமும் நிறைந்த பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக..." என்று பெரியவர்கள் ஜெபிப்பதை அப்படியே ஒப்பிக்கிறார்கள். குரல் ஏற்ற இறக்கம் உட்பட! போன வாரம் ஒரு பையன் மட்டும், "இயேசப்பா, எங்க ஆட்டுக்குட்டி பால் குடிக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்தான். மற்றவர்கள் சிரித்ததும் உட்கார்ந்துவிட்டான். எனக்கென்னவோ அன்றைக்கு வகுப்பில் நடந்த ஒரே ஜெபம் அதுதான்.

மத்தேயு 6-ல், வீண்வார்த்தைகளை அலப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆண்டவர் பரமண்டல ஜெபத்தையே கற்றுக்கொடுக்கிறார். லூக்கா 18-ல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், ஜெபித்தது ஒரே வரி. கதையாகச் சொன்னால் நன்றாகக் கேட்கிறார்கள். கண்ணை மூடியதும் பழையபடி மனப்பாடம்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் மனதுக்குள் ஜெபிக்க விடலாமா? காகிதத்தில் எழுதச் சொல்லலாமா? கூச்சப்பட்டு உட்கார்ந்த பிள்ளையை மறுபடி எப்படிப் பேசவைப்பது? அப்புறம், "ஜெபம்னா இப்படியா?" என்று கேட்கும் பெற்றோருக்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்? அடுத்த ஞாயிற்றுக்குள் சொன்னால் உபயோகமாக இருக்கும்.