திருவனந்தபுரம் – துபாய்: போக மூன்று மணிக்கும் குறைவு, திரும்ப ஐந்து மணிக்கும் மேலா?

தக்கலை வாசகர்:
துபாயில் வேலை பார்க்கும் தம்பியின் குழந்தையைப் பார்க்கத் தை மாதம் அம்மாவை அழைத்துச் செல்கிறேன். பயணச்சீட்டில், காலை 9.00 மணிக்குத் திருவனந்தபுரத்தில் புறப்பட்டு 11.45 மணிக்குத் துபாய் சேர்வதாகவும், திரும்பும்போது பகல் 1.30 மணிக்குக் கிளம்பி மாலை 6.50 மணிக்கு இறங்குவதாகவும் போட்டிருக்கிறது. ஒரே தூரத்துக்கு ஏன் இவ்வளவு வேறுபாடு? பூமி சுழல்வதால் மேற்கே போவது எளிது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், உண்மையில் எத்தனை மணி நேரப் பயணம் என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

குழித்துறை வாசகர்:
சீட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. ஆகவே போகும்போது ஒன்றரை மணியைக் கூட்டினால் 4 மணி 15 நிமிடம். வரும்போது அதையே கழித்தால் 3 மணி 50 நிமிடம். இரு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். பெரும்பகுதி அரபிக்கடலின் மேல்தான்.

மீதமுள்ள 25 நிமிட வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் காற்றே காரணம். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்வதால், பக்கத்து வீட்டார் சொல்வதுபோல் துபாய் நம்மை நோக்கி நகர்ந்து வந்துவிடாது. ஆனால் குளிர்கால மாதங்களில் அரேபியப் பகுதிக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ தென்னிந்திய வானின் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் என்பதால், இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை.

அம்மாவின் கைக்கடிகாரத்தைத் துபாயில் இறங்கும்வரை நம் நேரத்திலேயே வைத்திருங்கள். இறங்கும்போது அதில் பகல் 1.15 ஆகியிருக்கும்; அங்கே 11.45 என்று பார்த்துவிட்டு மதிய உணவைத் தள்ளிப்போட்டால் இடைவெளி நீண்டுவிடும். மாத்திரை நேரத்தை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துகளை மருத்துவர் எழுதித் தந்த சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

நாகர்கோவில் வாசகர்:
வானில் நாலேகால் மணி என்றாலும், அம்மாவுக்கு அன்றைய பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது காலை ஆறு மணிக்கு, விமான நிலையத்தில் இருக்க வேண்டும். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகச் செல்லும் சாலையில் பகலில் நெரிசல் மிகுதி. விடியுமுன் அவ்வளவு இராது. ஆயினும் நான்கு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது. அம்மாவின் காலைச் சிற்றுண்டியைக் கையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலை வாசகர்:
மிக்க நன்றி, அண்ணாச்சி. திரும்பும் நாளைப் பங்குனிக்குத் தள்ளிவைக்கலாமா என்றும் யோசிக்கிறோம்.

நாகர்கோவில் வாசகர்:
அப்படியானால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா) நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுதளத்தைக் கடந்தே சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வதால், அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் இயங்குவதில்லை. 6.50 மணிக்கு இறங்க வேண்டிய உங்கள் விமானத்தின் நேரம் அன்று மாற்றப்படலாம். அந்த ஒரு நாளைத் தவிர்த்து முன்பதிவு செய்யுங்கள்.