குழந்தை நூல், போட்டோ, வயலின்: மூன்றையும் விடாமல் வாழ்ந்தவர் உண்டா?

சிட்டுவயலின்:
எனக்கு 31 வயது. சிறுவர்களுக்குப் படக்கதை எழுதி நானே வரைகிறேன். வாடகை கட்டுவது கேமரா: காதுகுத்து, வளைகாப்பு, முதல் பிறந்தநாள். சனி, ஞாயிறு காலையில் எட்டுப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தனை நாளைக்கும்மா?" என்கிறார் அப்பா. கோபமாகச் சொன்னால் பதில் பேசிவிடுவேன். கவலையோடு சொல்கிறார்.

போன வருஷம் என் முதல் புத்தகம் வந்தது. ஒரு ஆந்தையின் இறகுக்கு ஏழு விதப் பழுப்பு பூசியிருந்தேன். அச்சில் ஏழும் ஒரே சேறு. கண் மட்டும்தான் தெரிந்தது. ஒரு வாரம் பென்சிலையே தொடவில்லை.

இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்து, உருப்படியாக வாழ்ந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆறுதல் வேண்டாம், ஆள் வேண்டும்.

ஒருவழிப்பாதை:
தங்கையாக நினைத்துச் சொல்கிறேன். ஒன்றில் ஊன்றி நில்லுங்கள், மற்ற இரண்டும் மனசுக்கு இருக்கட்டும். நான் நாடகமும் ஓவியமுமாகப் பத்து வருஷம் ஓடி, இரண்டிலும் பாதி வழியில் நின்றவன். அந்த வலி உங்களுக்கு வேண்டாம்.

பிராசஸ்கேமரா:
அம்மா, உங்கள் ஆந்தையைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் 1974 முதல் 22 வருஷம் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு பிளாக் மேக்கிங் கடையில், அதாவது படத்தை அச்சடிக்க உலோகத் தகடாகச் செய்து தரும் கடையில், கேமரா பார்த்தவன். நீங்கள் கேட்ட ஆள் வங்காளத்தில் இருந்தார். உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி. சத்யஜித் ராயின் தாத்தா என்றால்தான் பலருக்குப் புரிகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1863இல் மைமன்சிங் பக்கம் மசுவா கிராமத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே உறவுக்கார ஜமீன் வீட்டுக்குச் சுவீகாரம் போனார். கையில் வசதி இருந்தது, அதை மறைக்கக் கூடாது. கல்கத்தாவில் படித்தார், பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்தச் சபையில் சேர்ந்தார். பிள்ளைகளுக்காக ராமாயணம் எழுதிப் படமும் வரைந்தார். அப்போதெல்லாம் படம் அச்சேற வேண்டுமென்றால் பெரும்பாலும் மரக்கட்டையில் செதுக்க வேண்டும். செதுக்கி அச்சடித்து வந்ததில் அவர் படங்கள் பாழாய்ப் போயின. உங்கள் ஆந்தைக்கு நடந்ததேதான்.

அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1895இல் இங்கிலாந்திலிருந்து கேமராவும் சாமான்களும் வரவழைத்து, தானே ஹாஃப்டோன் பிளாக் செய்யத் தொடங்கினார். புத்தகத்தைப் படிப்பார், செய்து பார்ப்பார், அப்படியே கற்றார்.

ஹாஃப்டோன் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அச்சு மைக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஒட்டும், இல்லையென்றால் ஒட்டாது. அதனால் போட்டோவைப் புள்ளிகளாக உடைக்க வேண்டும்: இருட்டில் பெரிய புள்ளி, வெளிச்சத்தில் பொடிப்புள்ளி. லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவே, குறுக்கும் நெடுக்கும் கோடு கீறிய கண்ணாடி ஸ்கிரீன் நிற்கும். தகட்டிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதில் உயிர் இருக்கிறது. சில மில்லிமீட்டர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் படத்துக்கு ஸ்கிரீனை ரொம்ப ஒட்டி வைத்துவிட்டேன். லூப் என்ற சின்னப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், மணப்பெண்ணின் கன்னத்தில் கொசுவலை போர்த்திய மாதிரி கோடு. அன்று ராத்திரி மூன்று தடவை திரும்ப எடுத்தேன்.

நாங்கள் கைப்பழக்கத்தில் வைத்துக்கொண்டிருந்த அந்தத் தூரத்தை, எங்களுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னாலேயே அவர் கணக்கில் கொண்டுவந்தார். லென்ஸ் திறப்பு, கேமராவின் நீட்டம், ஸ்கிரீன் கட்டம் இவற்றுக்குள் என்ன உறவு என்று எழுதினார். கோடுகள் 60 டிகிரியில் வெட்டிக்கொள்ளும் ஸ்கிரீன் பற்றியும் எழுதினார். லண்டனில் வெளியான பென்ரோஸ் ஆண்டுமலரில் 1897 தொடங்கி அவர் கட்டுரைகள் வந்தன. கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு லண்டன்காரனுக்குப் பாடம் சொன்னவர்.

வயலின் எங்கே போனது என்று கேட்பீர்கள். எங்கும் போகவில்லை. ஆசிரியர் இல்லாமலே ஹார்மோனியம் பழக 1888இல் ஒரு புத்தகம் எழுதினார். வயலின் பழக 1904இல் இன்னொன்று. மிருதங்கம் மாதிரியான பக்கவாஜ் வாசிப்பார். சமாஜத்துக்குப் பாட்டும் எழுதினார். 1913இல் குழந்தைகளுக்கு 'சந்தேஷ்' பத்திரிகை தொடங்கினார். வங்காளத்தில் அது இனிப்பின் பெயர், செய்தி என்றும் பொருள். எழுத்து, படம், பிளாக், அச்சு எல்லாம் வீட்டுக்குள்ளேயே. கூப்பி, பாகா கதை அதில்தான் வந்தது. ஒருவன் பாடகன், இன்னொருவன் மேளக்காரன்.

சோறு போட்டது பெரும்பாலும் பிளாக் தொழில் என்று நினைக்கிறேன். அவருடைய யு. ராய் அண்ட் சன்ஸ் வெளிப் பத்திரிகைகளுக்கும் படம் செய்து கொடுத்த கூடம்.

லேக்மார்க்கெட்:
ஐயா சொன்னதோடு ஒன்று. 26 வருஷமாகக் கொல்கத்தாவில் இருக்கிறேன். என் மகள் வங்காளி எழுத்துக் கூட்டிப் படித்தது அவருடைய டுன்டுனி கதைகளில்தான் (1910). டுன்டுனி என்றால் நம் தையல்சிட்டு. கத்தரிச்செடியில் ஆடப் போய் முள் குத்திக்கொள்ளும், நாவிதரிடம் ஓடும், அங்கிருந்து ராஜாவரைக்கும் போகும். வாய்விட்டுப் படித்தால் தாளம் தானாக வருகிறது. வாத்தியம் வாசித்த கை எழுதியது என்று காதே சொல்லும்.

முன்னுரையைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாயங்காலம் சாப்பிடாமலே தூங்கப் பார்க்கும் பிள்ளைகளை விழித்திருக்க வைக்க, கிழக்கு வங்காளத்துப் பெண்கள் சொல்லும் கதைகள் இவை என்கிறார். என் பாட்டியும் அதற்குத்தான் கதை சொன்னாள்.

ஒருவழிப்பாதை அண்ணன் சொன்ன பயத்திலும் உண்மை உண்டு. உபேந்திரகிஷோர் 1915 டிசம்பரில் போய்ச்சேர்ந்தார். சர்க்கரை வியாதி, வயது 52. மகன் சுகுமார் இங்கிலாந்து போய் அச்சும் போட்டோவும் படித்துவிட்டு வந்து நடத்தினார். அவரும் 1923இல் காலா அசார் காய்ச்சலில் போனார். அப்புறம் சில வருஷத்தில் தொழில் மூழ்கியது. கார்பார் ரோட்டில் அச்சுக்கூடத்தோடு கட்டிய வீடும் கைவிட்டுப் போனது.

சிட்டுவயலின்:
இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். "அந்தக் கேமராவுக்கு என்ன விலை ஆகியிருக்கும்?" என்று கேட்டார். பிராசஸ்கேமரா ஐயா, என் ஆந்தை ஏன் சேறானது?

பிராசஸ்கேமரா:
எந்தத் தாள்? அச்சுக்கு முன்னால் ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, பார்த்தீர்களா?

சிட்டுவயலின்:
மேப்லித்தோ. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் பார்த்தேன்.

பிராசஸ்கேமரா:
அங்கேதான். பூச்சில்லாத தாள் மையைக் குடிக்கும், ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் பருத்துவிடும். பழுப்பு பல மை சேர்ந்து வரும் நிறம். எல்லாப் புள்ளியும் பருத்தால் ஏழு பழுப்பும் ஒன்றாகிவிடும். அடுத்த தடவை பழுப்பில் கறுப்பைக் குறைத்துக் கொடுங்கள். அதே தாளில் ஒரு ப்ரூஃப் கேட்டு வாங்குங்கள். மெஷினில் முதல் தாள் வரும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். என் லூப் அலமாரியில் இருக்கிறது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் அம்மா, பொதுவில் போடாதீர்கள்.