காப்பீடு இருந்தும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதது ஏன்?

கேள்வி:
வணக்கம். என் தந்தைக்கு ஆறு ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டுத் தவணையைத் தவறாமல் கட்டி வருகிறோம். ஆனால் சென்ற வாரம் அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்தபோது, பிளேடால் பாதியாக வெட்டிய மாத்திரைகளைப் பார்த்தேன். மாதக் கடைசியில் பணம் குறையும்போது பாதியோடு நிறுத்திக்கொள்கிறாராம். அன்று அளந்ததில் 168/102 காட்டியது. காப்பீட்டால் இந்த நோயின் சிகிச்சை உண்மையில் மேம்படுகிறதா?

பதில் 1:
அது எந்தச் செலவை ஏற்கிறது என்பதைப் பொறுத்தது. மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி, பக்கவாதம் வந்த பிறகு உதவும். அதைத் தடுக்கும் அன்றாட மாத்திரைக்கு எதுவும் தராது. வலியோ காய்ச்சலோ காட்டாத நோய் என்பதால், கையிருப்பு குறைந்ததும் முதலில் நிற்பது அந்த மாத்திரைதான். அமெரிக்காவில் 1970களில் ராண்ட் நிறுவனம் நடத்தத் தொடங்கிய ஆய்வில், சில குடும்பங்களுக்கு முழு இலவசச் சிகிச்சையும், மற்றவற்றுக்குச் செலவில் ஒரு பங்கைத் தாமே கட்டும் திட்டமும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. பெரும்பாலோரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு இல்லை; ஆனால் உயர் இரத்த அழுத்தம் இருந்த ஏழைகளுக்கு, இலவசத் திட்டத்தில் அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பணத் தடை நீங்கினால் மட்டும் போதாது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2008இல் குலுக்கல் மூலம் அரசுக் காப்பீடு பெற்றவர்கள் மருத்துவரிடம் அதிகமாகச் சென்றார்கள். எனினும் சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அளந்தபோது, இரத்த அழுத்தத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. என் தாயாருக்கு எல்லாச் செலவையும் காப்பீடே ஏற்றது. அப்படியிருந்தும், மூன்று முறை தொடர்ந்து 150க்கு மேல் இருந்தபோது அதே மருந்துச் சீட்டையே புதுப்பித்துக் கொடுத்தார்கள். நான்காவது முறை வீட்டில் எழுதி வைத்த அளவுகளைக் காட்டி நாங்களாகக் கேட்ட பிறகே இரண்டாவது மருந்து சேர்த்தார்கள். அதன் பிறகுதான் அழுத்தம் இறங்கியது.

பதில் 3:
முதலில், உங்கள் தந்தை தாமாகவே மாத்திரையைப் பாதியாக்குவதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விலை குறைந்த பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துக்கு மாற்ற முடியுமா, மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதித் தருவாரா என்றும் கேளுங்கள். பாலிசியில் புறநோயாளிச் செலவு பற்றிய பகுதியைப் படியுங்கள். புதிய பாலிசிக்கு மாறுவதானால் இந்த நோயை மறைக்க வேண்டாம். பின்னாளில் இழப்பீட்டையே மறுக்க அது காரணமாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. பாலிசியை இன்று எடுத்துப் படித்தேன். மருத்துவர் கட்டணத்துக்கும் மருந்துக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நாங்கள் அதைக் கேட்டுப் பெறவில்லை.