மறு: ஹெச்பி-க்கு 'இழுதிறன்' பொருந்துமா?

> வாட் கண்ட குதிரையை நாம் ஏன் இன்னும் கட்டி மேய்க்க வேண்டும்? இழுக்கும் திறன்தானே? 'இழுதிறன்' என்று சுருக்கமாக வைத்துவிடலாம்.

ஐயா, வணக்கம்.

சொல் நன்றாகத்தான் வாய்த்திருக்கிறது. ஆனால் எந்திரத்தின் திறனை அளக்கும் ஹெச்பி-க்கு (horsepower, குதிரைத்திறன்) அது வேண்டாம் என்பது என் கட்சி.

ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை விற்கும்போது, அதுவரை ஆலை சுற்றிய குதிரையோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. குதிரை 12 அடி ஆரத்தில், மணிக்கு 144 சுற்று, 180 பவுண்டு விசையோடு இழுப்பதாகக் கணக்கு வைத்தார். பெருக்கினால் நிமிடத்துக்கு 32,500 அடி-பவுண்டுக்குச் சற்று மேலே வரும். அதை 33,000 ஆக்கினார். இன்றைய அளவில் ஏறக்குறைய 746 வாட். இழுப்போடு வேகமும் பெருக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

எங்கள் சேலத்துப் பக்கம் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையை ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. நீர் மொள்ளும் சால் நிறைந்து வடம் விறைத்ததும் மாடுகள் சரிவில் இறங்கும். மெல்ல நடந்தாலும் வேகமாக நடந்தாலும் சாலின் எடை அதேதான், இழுப்பும் அதேதான். வேகமாக நடந்தால் வாய்க்காலில் தண்ணீர் சீக்கிரம் சேரும். கூடியது திறன், இழுப்பு அல்ல.

லாரியில் இது தலைகீழ். 100 குதிரைத்திறன் என்றால், உராய்வு இழப்பை விட்டுவிட்டால், 36 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 750 கிலோ விசை கிடைக்கும். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவில் முதல் கியர் போட்டு 9 கிலோமீட்டரில் ஏறினால் 3,000 கிலோ. திறன் மாறவில்லை, இழுப்பு நான்கு மடங்கு. இரண்டுக்கும் 'இழு' என்றே தொடங்கும் சொல் வைத்தால் படிக்கிற பிள்ளை பாவம்!

ஓட்டுநர்கள் இதைத் தெளிவாகவே பிரித்துப் பேசுகிறார்கள். "ஏத்தத்துல வண்டி இழுக்கல" என்பது ஒன்று. ஈரத்தில் சக்கரம் சும்மா சுற்றினால் "டயருக்குப் பிடி இல்ல" என்பது வேறு. எனவே சக்கரம் தரும் விசைக்கு 'இழுவை', சாலையோடு டயர் கொள்ளும் பற்றுக்குப் 'பிடி' என்று வைக்கலாம். 'இழுவிசை' கயிற்றின் விறைப்புக்குப் பாடநூலிலேயே போய்விட்டது; அதைத் தொட வேண்டாம்.

ஹெச்பி குதிரைத்திறனாகவே இருக்கட்டும். இலங்கை நண்பர்களின் 'பரிவலு' இன்னும் கச்சிதம், ஆனால் 'வலு' இங்கே பலம் என்றுதான் காதில் விழும்.

டிராக்டரின் பின்கொக்கியில் கிடைக்கும் இழுப்புக்குக் 'கொக்கி இழுவை' சரிப்படுமா? உழவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து