[கலைச்சொல்] பேஸ்பால் திடலில் மண் பார்க்கிறவர்களுக்கு என்ன பெயர்?

வட கரோலினாவிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி ஆண்டுமலருக்கு என் வேலையைப் பற்றி நாலு பக்கம் கேட்டிருக்கிறார்கள். ஞாயிறு இரவு அச்சுக்குப் போகிறது. நான் ஒரு மைனர் லீக் பேஸ்பால் திடலில் மண்ணையும் புல்லையும் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருக்கிறேன். பெரிய அணிகளுக்கு ஆள் தயாராகும் லீக் இது. 2021 சீரமைப்புக்குப் பிறகு நான்கு படிநிலைகளில் 120 அணிகள்.

சில சொற்கள் தாமாகவே வந்துவிட்டன. பந்து எறிபவர் நிற்பது 'எறிமேடு'. 18 அடி விட்டம், 10 அங்குல உயரம். 1968 வரை 15 அங்குலம் இருந்ததை அடுத்த ஆண்டு குறைத்தார்கள். மழைக்கு மூடுவது தார்ப்பாய். மூன்று சொல்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலாவது, எங்களுக்கே பெயர்: 'கிரவுண்ட்ஸ் குரூ'. அடுத்தது 'டிராக்': ஆட்டத்தின் நடுவே, பெரும்பாலும் ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும், இரும்பு வலைப்பாயை இழுத்துக்கொண்டு ஓடி, காலடித் தடங்களை நிரவுவோம். மூன்றாவது 'லிப்': செம்மண்ணும் புல்லும் சேரும் ஓரத்தில் நாளாக ஆக மண் ஏறி ஒரு சின்ன மேடு கட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவினால் தெரியும். தரையோடு வரும் பந்து அதில் பட்டால் தெறித்து எழும்பும். போன மாதம் எங்கள் திடலில் ஒரு பையனுக்குத் தாடையில் பட்டது. அந்த ஓரத்தை முந்தின நாள் பீய்ச்சிக் கழுவியிருக்க வேண்டியவன் நான். அதனால் இந்தச் சொல்லாவது சரியாக இருக்கட்டும்.

---

திருவாரூரிலிருந்து:

தம்பி, இரண்டாவதற்கு எதற்குப் புதுச்சொல்? அது பரம்பு. உழுது சேறாக்கின வயலை நடவுக்கு முன்னால் பலகை கட்டி மட்டமாக்குவதைப் பரம்படித்தல் என்கிறோம். மாட்டுக்குப் பதில் மனுசன், பலகைக்குப் பதில் இரும்பு வலை, அவ்வளவுதான் வித்தியாசம். பலகையில் ஏறி நின்று கயிற்றைப் பிடித்து நானே அடித்திருக்கிறேன்.

லிப் என்பது வரப்பு. 'வரப்புயர நீர் உயரும்' என்று ஔவை பாடியதாகச் சொல்வார்களே, அதே வரப்பு.

---

கோவையிலிருந்து:

பரம்பு அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'பரம்புதல்' என்றாலே பரவுதல். பர என்னும் அடியிலிருந்துதான் பரப்பு, பரவை எல்லாம். பாரியின் பறம்பு மலையும் இந்த வேரில் வந்ததாகவே இருக்கலாம். முந்நூறு ஊருக்குப் பரந்து கிடந்த நாடு அது. ரகரமும் றகரமும் மயங்குவது நமக்குப் புதிதல்ல. பரம்பரையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

தார்ப்பாயை மட்டும் விட்டுவிடாதீர்கள். தார் ஆங்கிலச் சொல். நம்மிடம் 'கீல்' இருந்தது. கீற்பாய் என்று எழுதுங்கள்.

---

சென்னையிலிருந்து:

ஐயா, பரம்பரை வடசொல். பறம்பில் வல்லின றகரம், மலையாளத்திலும் அப்படித்தான். இரண்டையும் இதில் இழுக்க வேண்டாம்.

கீற்பாய் என்று எழுதினால் பத்து வயதுப் பிள்ளை முடைந்த கீற்று என்று நினைக்கும். தார்ப்பாய் நம் வாயில் புழங்கித் தமிழாகவே ஆகிவிட்டது. கேட்டதும் விளங்க வேண்டும், அதுதான் கலைச்சொல்லுக்கு முதல் தகுதி.

குழுவுக்கு முதலில் தோன்றுவது 'களப்பணியாளர்', ஆனால் அது வேண்டாம். நாளிதழில் அந்தச் சொல்லைப் பார்த்தால் வீடு வீடாக வந்து கொசுப்புழு பார்க்கிறவர்தான் நினைவுக்கு வருவார். 'மைதானப் பராமரிப்பாளர்' என்று போடுங்கள். யாருக்கும் விளங்கும்.

---

கோவையிலிருந்து:

மைதானம் பாரசீகம், பராமரிப்பு வடமொழி. இரண்டு இரவல் சொல்லை ஒட்டவைத்து அதைத் தமிழ் என்கிறீர்கள். திடல் இருக்கிறது, பேணுதல் இருக்கிறது. 'திடல் பேணுநர்'. பிள்ளைகள் புதிதாகக் கற்கிற இடத்திலேயே நல்ல சொல்லைக் கொடுக்காவிட்டால் வேறெங்கே கொடுப்பது?

---

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம் தம்பி. நாங்கள் வயல் வரம்பு என்றுதான் சொல்லுவோம், வரப்பு என்பதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் சொல்லும் மேடு ஒருவரும் கட்டாமல் தானாக ஏறுவது, இருக்கவே கூடாதது. வரம்பு நாங்கள் வேண்டிக் கட்டுவது, நீர் நிற்பதற்காக. உயர உயர நல்லது என்று ஔவை சொன்னதை எடுத்து, உயர்ந்தால் ஆளைக் காயப்படுத்தும் ஒன்றுக்குப் பெயராக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 'ஓரத்திட்டு' என்றால் என்ன?

மண் எப்படி அந்த ஓரத்துக்கு வருகிறது?

---

வட கரோலினாவிலிருந்து:

அக்கா, பாதிப் பழி எங்கள் பரம்புமேல்தான். வலையைப் புல்வரைக்கும் இழுத்தால் அது மண்ணையும் சேர்த்துக் கொண்டுபோய்ப் புல்லடியில் தள்ளும். அதனால் ஓர் அடி முன்னாலேயே நின்றுவிட்டு, மீதியைக் கைவாரியால் புல்லின் ஓரத்தோடு ஒட்டி வாருவோம், புல்லை நோக்கி வாரமாட்டோம். தினமும் ஒரே இடத்தில் வலையைத் தூக்கினாலும் அங்கே குவியும், ஆகவே இடத்தை மாற்றிக்கொண்டே இருப்போம். காற்றும் மழையும் ஓடுகிற கால்களும் செய்வதைத் தடுக்க முடியாது. அதற்குத்தான் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி, புல்லுக்குள் போன மண்ணைத் திரும்பச் செம்மண்ணுக்கே கழுவி விடுவது. ஆக, இது கட்டினதல்ல, ஏறினது. ஓரத்திட்டு எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்களிடம் கேட்காமலே ஒரு சொல் கிடைத்தது. எங்கள் வேலை முக்கால்வாசி ஈரம் பார்ப்பதுதான். மண்ணில் சாவியைக் குத்திப் பார்ப்போம். நொறுங்காமல் இறங்கி, ஒட்டாமல் வெளியே வந்தால் சரி. ஆடுகிறவரின் ஆணிச்செருப்பும் அப்படித்தான் இறங்கி ஏற வேண்டும். இங்கே இதைச் சொல்ல ஒரு வாக்கியமே வேண்டியிருக்கிறது. நாம் 'பதம்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். பாகுக்கும் சோற்றுக்கும் அம்மா சொன்ன அதே பதம்.

---

திருவாரூரிலிருந்து:

வள்ளுவரும் புழுதியின் பதம் சொல்கிறார். 'தொடிப்புழுதி கஃசா உணக்கின்': ஒரு பலம் எடையுள்ள புழுதி கால் பலமாகக் காய்ந்தால் பிடி எருவும் வேண்டாம் என்கிறார். உங்களுக்கு அது தலைகீழ், காயவே விடக்கூடாது. இருந்தாலும் கையில் எடுத்துப் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான்.

ஓரத்திட்டுக்குச் சம்மதம். வரப்பை விட்டுத்தர மனசு வரவில்லை, ஆனால் யாழ்ப்பாணத்து அம்மா சொல்வது நியாயம்.

குழுவுக்கு ஏன் 'திடல்காரர்' என்று சொல்லக்கூடாது? தோட்டக்காரர், தேர்க்காரர் மாதிரி.

---

சென்னையிலிருந்து:

திடல்காரர் என்றால் திடலுக்குச் சொந்தக்காரர் என்று ஆகிவிடும். 'திடல் பணியாளர்' போதும். எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், சனிக்கிழமை ஆகிவிட்டது.

---

வட கரோலினாவிலிருந்து:

கட்டுரையை அனுப்பிவிட்டேன். பரம்பு, ஓரத்திட்டு, பதம், எறிமேடு, தார்ப்பாய், திடல் பணியாளர். மைனர் லீக்கை அப்படியே விட்டேன். நம்மூரில் மைனர் என்றால் சங்கிலி போட்ட பண்ணையார் மகன்தான், ஆனாலும் 'சிறு லீக்' என்று எழுதினால் எங்கள் பையன்களின் உழைப்பு சிறுத்துப்போகிறது.

நேற்று மழை. தார்ப்பாய் இழுக்கச் சீட்டு விற்கிறவர்கள், கணக்கு பார்க்கிறவர்கள் எல்லோருமே ஓடி வந்தார்கள். மைனர் லீக்கில் அதுதான் வழக்கம். அந்த நேரத்துக்கு அவர்களும் திடல் பணியாளர்கள்தான், சொல் பொருந்துகிறது.

---

கோவையிலிருந்து:

பணியாளர் எந்தப் பணிக்கும் பொது. பேணுநரில்தான் அந்தக் கைவாரியும் குழாயும் தெரிகிறது. என் மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்கிறேன். அடுத்த மலருக்கு மறுபடி கேட்பேன்.

---

திருவாரூரிலிருந்து:

தம்பி, அந்தச் செம்மண்ணில் மணல் எத்தனை பங்கு?

---

வட கரோலினாவிலிருந்து:

அறுபதிலிருந்து எழுபது விழுக்காடு மணல் ஐயா. மீதி வண்டலும் களியும். எறிமேட்டுக்கு மட்டும் களி கூடுதல். பந்து எறிகிறவர் கால் ஊன்றுகிற இடத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குழி விழும், ராத்திரியே தளர்ந்த மண்ணைப் பெருக்கி எடுத்து, நனைத்து, புதுக் களி போட்டுத் திமிசுக்கட்டையால் இடிப்போம். இப்போது அதற்குத்தான் கிளம்புகிறேன்.